சாகோஸ் என்றால் ஒரு கட்சி, பி.ஐ.ஓ.டி. என்றால் இன்னொரு கட்சி

மொரீஷியஸில் யாராவது சாகோஸ் தீவுக்கூட்டம் என்று வாயெடுத்தால் பேச்சு அதோடு நிற்காது, "டியாகோ கார்சியா உட்பட" என்று ஒரு ஒட்டும் கூடவே வரும். மந்திரி நாடாளுமன்றத்தில் பேசினாலும் வரும், ஐ.நா. சபையில் எங்கள் தூதர் பேசினாலும் வரும். அரசியல் சட்டத்தின் 111-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மொரீஷியஸ் என்றால் எந்தெந்தத் தீவுகள் என்று அந்தப் பிரிவு வரிசையாகச் சொல்கிறது: மொரீஷியஸ், ரோட்ரிக்ஸ், அகலேகா, ட்ரோமலின், கார்கடோஸ் கரஹோஸ், அப்புறம் டியாகோ கார்சியா உட்பட சாகோஸ் தீவுக்கூட்டம். டியாகோ கார்சியாதான் அந்தக் கூட்டத்திலேயே பெரிய தீவு. போர்ட் லூயிஸ் உட்பட மொரீஷியஸ் தீவு என்று யாரும் எழுதுவதில்லையே, இதற்கு மட்டும் ஏன்? தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த சித்தப்பா ஒருவர் இதைப் படித்துவிட்டு, "எழுதினவருக்கே சந்தேகம் போலிருக்கே" என்றார். சந்தேகம்தான் சித்தப்பா, அறுபது வருஷத்துச் சந்தேகம்.

விஷயம் இதுதான். ஒரே இடம், உரிமை கேட்பவர்கள் இரண்டு பேர். மொரீஷியஸ் அதைச் சாகோஸ் தீவுக்கூட்டம் என்கிறது. பிரிட்டன் 1965-லிருந்து அதைப் பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதி என்கிறது, சுருக்கமாக பி.ஐ.ஓ.டி. தகராறில் இருக்கும் இடங்களுக்கு இரட்டைப் பெயர் இருப்பது உலகத்தில் புதிதில்லை. பிரிட்டனுக்கு ஃபாக்லாந்து, அர்ஜென்டினாவுக்கு மால்வினாஸ், ஐ.நா. காகிதங்களில் ஒன்றை எழுதி மற்றதை அடைப்புக்குறிக்குள் போட்டு இரண்டு பேரையும் சமாளிப்பார்கள். கொரியாவுக்கு தோக்தோ, ஜப்பானுக்கு தகேஷிமா. அங்கெல்லாம் ஒரே பாறைக்கு இரண்டு பெயர். சாகோஸ் கதை கொஞ்சம் வேறு. இங்கே தீவுகளின் பெயரை யாருமே தொடவில்லை. டியாகோ கார்சியா இரண்டு தரப்புக்கும் டியாகோ கார்சியாதான், பெரோஸ் பான்யோஸும் சாலமனும் அப்படியே இருக்கின்றன. மாறியது அவற்றுக்கு மேலே எழுதிய தலைப்பு மட்டும். நிலத்தில் ஒரு வேலிக்கல்லைக்கூட நகர்த்தாமல் பட்டாவில் பெயரை மாற்றிச் சொத்தை எடுத்துக்கொண்ட கதை இது என்பது என் கட்சி. கீழே எழுதுவதெல்லாம் அதற்கான ஆதாரம்தான்.

பழைய பெயர்களிலிருந்து ஆரம்பிக்கலாம். மாலத்தீவுக்குத் தெற்கே சுமார் 500 கிலோமீட்டரில் இருக்கும் இந்தத் தீவுகளை மாலத்தீவு மாலுமிகள் ரொம்ப நாளாகவே அறிவார்கள், ஃபோளவஹி என்பது அவர்கள் வைத்த பெயர். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் தங்கள் கடல் வரைபடத்தில் சாகோஸ், பெரோஸ் பான்யோஸ் என்றெல்லாம் எழுதிவிட்டுப் போனார்கள், குடியேறவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கிருந்து, அதாவது அன்றைய இல் தெ ஃபிரான்ஸிலிருந்து, மடகாஸ்கர், மொசாம்பிக் அடிமைகளைக் கொண்டுபோய்த் தென்னந்தோப்பு போட்டார்கள். கொப்பரையும் எண்ணெயும் கப்பலேறி போர்ட் லூயிஸுக்கு வந்தன, அதனால் அவற்றுக்கு எண்ணெய்த் தீவுகள் என்றே ஒரு பெயர் நடப்பில் இருந்தது. 1814-இல் பாரிஸ் உடன்படிக்கை, மொரீஷியஸும் அதன் சார்புத் தீவுகளும் பிரிட்டன் கைக்குப் போயின. அப்புறம் நூற்றைம்பது வருஷம் அரசாங்கக் கோப்புகளில் அவை "மொரீஷியஸின் சிறு சார்புத் தீவுகள்". பெயரிலேயே யாருக்குச் சார்பு என்பது இருக்கிறது பாருங்கள். இந்தப் பெயர் இருக்கிற வரைக்கும் மொரீஷியஸுக்கு விடுதலை கொடுத்தால் அந்தத் தீவுகளும் கூடவே போய்த் தீரும்.

அமெரிக்காவுக்கு இந்தியப் பெருங்கடலில் ராணுவத் தளம் வேண்டியிருந்தது. 1965 செப்டம்பரில் லண்டன் லான்காஸ்டர் மாளிகையில் எங்கள் விடுதலைப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, பக்கத்தில் தனியாக இன்னொரு பேச்சும் நடந்தது. எங்கள் தலைவர் சிவசாகர் ராம்கூலமைத் தனியாகச் சந்திக்கவிருந்த பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்ட் வில்சனுக்கு அவருடைய அதிகாரிகள் எழுதிக்கொடுத்த குறிப்பு பின்னாளில் வெளியே வந்தது. விடுதலை கிடைக்கும் என்ற நம்பிக்கையைக் காட்டியே பயமுறுத்த வேண்டும், தீவுகளைப் பிரிக்க ஒத்துக்கொள்ளாவிட்டால் அது கிடைக்காமல் போகலாம் என்று அவருக்குத் தோன்ற வேண்டும் என்பது அதன் சாரம். கடைசியில் 30 லட்சம் பவுண்டு இழப்பீடு. 1965 நவம்பர் 8-ஆம் தேதி ஓர் அரசாணையில் புதுப் பெயர் பிறந்தது.

அந்தப் பெயருக்குள் எதையெல்லாம் போட்டார்கள் என்று பார்த்தால்தான் விஷமம் புரியும். மொரீஷியஸிடமிருந்து சாகோஸ், செஷல்ஸிடமிருந்து அல்டாப்ரா, ஃபார்குவார், டெரோஷ். அல்டாப்ராவுக்கும் சாகோஸுக்கும் நடுவே 2500 கிலோமீட்டருக்கு மேல் கடல். இரண்டுக்கும் ஒட்டு உறவு கிடையாது. புவியியல்படி ஓர் இடம் என்று சொல்லவே முடியாத ஒன்றுக்கு ஒரு தலைப்பு கொடுத்து, அதையே ஒரு குடியேற்ற நாடாக ஆக்கினார்கள். 1976-இல் செஷல்ஸ் விடுதலை அடைந்தபோது அதன் தீவுகளை அதற்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது சாகோஸ் மட்டும். அப்போதாவது சாகோஸ் என்று கூப்பிட்டிருக்கலாம் அல்லவா? மாட்டார்கள். சாகோஸ் என்று சொன்னால் அடுத்த கேள்வி "எந்த நாட்டுச் சாகோஸ்?" என்று வரும். பி.ஐ.ஓ.டி. என்று சொன்னால் பதில் முதல் எழுத்திலேயே இருக்கிறது.

அந்தப் பெயரில் வந்த முதல் தபால்தலைகளைப் பார்த்தால் இது இன்னும் பச்சையாகத் தெரியும். 1968 ஜனவரியில் வெளியிட்டார்கள். புதுசாக அச்சடிக்கவில்லை, செஷல்ஸ் தபால்தலைகளையே எடுத்து அவற்றின் மேல் பி.ஐ.ஓ.டி. என்ற நான்கு எழுத்துகளை அச்சுக்குத்தி விற்றார்கள். அடியில் செஷல்ஸ் என்ற பழைய பெயர் நன்றாகவே படிக்க முடியும். இந்த நாலெழுத்து, எங்கள் விடுதலைக்கு இரண்டு மாதம் முன்னால் வந்தது.

இதில் தமிழ்க்காரர்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டிய ஒரு கூத்தும் உண்டு. பி.ஐ.ஓ.டி.-க்கு ஒரு சின்னம் இருக்கிறது, அதன் அடியில் லத்தீனில் ஒரு வாசகம்: "இன் டூடேலா நோஸ்ட்ரா லிமூரியா". லிமூரியா எங்கள் பாதுகாப்பில் இருக்கிறது என்று அர்த்தம். ஆமாம், அதே லெமூரியாதான், நம் ஆட்கள் குமரிக்கண்டத்தோடு முடிச்சுப்போட்டுக் கொண்டாடுகிற அதே கடல்கொண்ட கண்டம். இல்லாத கண்டத்தைக்கூடத் தங்கள் காவலில் வைத்துக்கொண்டார்கள் என்று இங்கே ஒரு கேலி உண்டு. சரி, வழக்குக்கு வருவோம்.

தலைப்பை மாற்றியது பாதி வேலைதான். தீவில் ஆட்கள் இருந்தார்கள், ஐந்தாறு தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஐ.நா. சாசனத்தின் 73-ஆம் பிரிவின்படி குடியேற்ற நாட்டில் நிரந்தரக் குடிமக்கள் இருந்தால் அவர்களைப் பற்றி அறிக்கை கொடுக்க வேண்டும், அவர்கள் நலனைக் கவனிக்க வேண்டும். அதனால் அந்த மனிதர்களுக்கும் பெயர் மாற்றினார்கள். நிரந்தரக் குடிகள் யாரும் கிடையாது, இருப்பவர்கள் எல்லாம் மொரீஷியஸிலிருந்தும் செஷல்ஸிலிருந்தும் வந்த ஒப்பந்தக் கூலிகள் என்று எழுதினார்கள். 1966-ஆம் வருஷத்து உள்குறிப்பு ஒன்றில் ஓர் அதிகாரி அவர்களை டார்சன்கள் என்றும், ராபின்சன் குரூசோவின் வேலைக்காரன் ஃப்ரைடே பெயரைச் சொல்லியும் கேலி செய்து எழுதியிருக்கிறார். 2009-ஆம் வருஷத்து அமெரிக்கத் தூதரகச் செய்தி விக்கிலீக்ஸில் வெளியானபோது அதே ஃப்ரைடே மறுபடி எட்டிப்பார்த்தான்: கடல் காப்பகம் வந்தால் தீவுகளில் மனிதக் காலடித் தடமோ ஃப்ரைடேக்களோ இருக்க மாட்டார்கள் என்று பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் சொன்னதாக அதில் இருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அலுவலகத்தில் அந்தப் பட்டப்பெயரை யாரும் மறக்கவில்லை.

1966 டிசம்பர் 30-ஆம் தேதி, தீவுகளை ராணுவத் தேவைக்குக் கொடுக்க அமெரிக்காவோடு கடிதப் பரிமாற்றம், 50 வருஷத்துக்கு. வாடகை என்று வெளியே எதுவும் காட்டவில்லை. அமெரிக்காவிடம் வாங்கிய போலாரிஸ் ஏவுகணைச் செலவில் பிரிட்டனுக்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் வரை தள்ளுபடி என்பது உள்ளுக்குள் நடந்த கணக்கு. 1968-இலிருந்து 1973 வரை ஆட்களை வெளியேற்றினார்கள், 1500-லிருந்து 2000 பேர் வரை. மருத்துவத்துக்கோ சொந்தக்காரர்களைப் பார்க்கவோ போர்ட் லூயிஸ் வந்தவர்களுக்குத் திரும்பிப் போகக் கப்பல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். டியாகோ கார்சியாவில் நாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். இதை நான் விரித்து எழுதப்போவதில்லை, எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

வந்து இறங்கியவர்கள் கஸ்ஸி, ரோஷ் புவா, பே த்யு தோம்போ என்று போர்ட் லூயிஸின் ஏழைப் பேட்டைகளில் ஒண்டினார்கள். எங்கள் கைலாசன் கோயில் இருக்கிற சேந்த் க்ருவாவுக்கு ரோஷ் புவா பக்கத்துப் பேட்டை, எனவே தைப்பூசக் காவடி பார்க்க வருகிற கூட்டத்தில் அவர்களும் இருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கிரான்மேர், அதாவது பாட்டி, பெரோஸில் பிறந்தவர். அவர் வாயில் தீவுக்கூட்டம், ஆட்சிப்பகுதி, இறைமை எதுவும் வராது, "ஸில்" என்பார், தீவு, அவ்வளவுதான். "மோ ஏன் ஸிலுவா" என்பார், நான் தீவுக்காரி. ஆனால் இங்கே மொரீஷியஸில் அதே ஸிலுவா என்ற பெயரை வசவு மாதிரிதான் பயன்படுத்தினார்கள், நம்மவர்களும்தான். 1990-களில் சாகோஸ் அகதிகள் அமைப்பு, அதன் தலைவர் ஒலிவியே பான்கூ எல்லாம் நீதிமன்றம் போக ஆரம்பித்த பிறகுதான் சாகோசியன் என்ற பெயர் பரவலாக நிலைத்தது. அந்தப் பெயரில் ஒரு கணக்கும் இருக்கிறது, அது இடத்தோடு கட்டிய பெயர், கூலி என்று யாரும் தள்ள முடியாது. பிரெஞ்சுக்காரன் நம் முன்னோரை, பாண்டிச்சேரியிலிருந்து வந்தவர்களை, மலபார் என்று எழுதி, போர்ட் லூயிஸின் கிழக்குப் பேட்டைக்கே மலபார் முகாம் என்று பெயர் வைத்தான். கூப்பிடுகிறவன் இஷ்டப்படி பெயர் வைப்பது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிரிட்டனின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் வாதம் சுருக்கமானது: 1814-லிருந்து தொடர்ந்து எங்கள் இறைமை, மொரீஷியஸ் ஒருபோதும் இதை ஆண்டதில்லை, 1965-இல் மொரீஷியஸின் தலைவர்களே ஒத்துக்கொண்டு பணமும் வாங்கினார்கள், பாதுகாப்புக்குத் தேவைப்படாத நாளில் திருப்பிக் கொடுப்போம். இதில் முதல் இரண்டும் கேட்க நியாயம்போலத்தான் இருக்கும், ஆனால் அந்த வாதத்தின்படி குடியேற்ற நாடாக இருந்த எந்த நாடும் எதையும் ஆண்டதில்லை. கடைசி வாக்குறுதி அவர்களுக்கே பின்னால் உறுத்தியது. சொந்தம் என்றால் யாருக்குத் திருப்பிக் கொடுப்பது?

மொரீஷியஸ் இதை எதிர்த்த விதம்தான் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் படை இல்லாத நாடு காகிதத்தில் போன சொத்தைக் காகிதத்தாலேயே மீட்கப் பார்த்தது. வெளியுறவு அமைச்சின் காகிதங்களில் பி.ஐ.ஓ.டி. என்ற பெயர் வந்தால் முன்னால் "என்று சொல்லப்படுகிற" என்ற அடைமொழி கட்டாயம் இருக்கும். 2010-இல் பிரிட்டன் அங்கே கடல் காப்பகம் அறிவித்தது, 2015 மார்ச்சில் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் கீழ் அமைந்த நடுவர் மன்றம் அது சட்டவிரோதம் என்றது. 2017-இல் ஐ.நா. பொதுச்சபை 94-க்கு 15 வாக்கில் விவகாரத்தை உலக நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2019 பிப்ரவரி 25-ஆம் தேதி கருத்து வந்தது, 13-க்கு 1: மொரீஷியஸின் விடுதலை முழுமையாக முடியவில்லை, பிரிட்டன் கூடிய சீக்கிரம் வெளியேற வேண்டும். அதே வருஷம் மே 22-ஆம் தேதி பிரிட்டன் வெளியேற வேண்டும் என்ற தீர்மானத்துக்குப் பொதுச்சபையில் 116-க்கு 6. எதிர்த்த ஆறில் ஒன்று மாலத்தீவு என்பது எங்களுக்குக் கொஞ்சம் வலித்தது.

அதற்கப்புறம்தான் பெயர்ப்பலகைகள் விழ ஆரம்பித்தன. 2020 பிப்ரவரியில் ஐ.நா. வெளியிட்ட உலக வரைபடம் சாகோஸை மொரீஷியஸின் பகுதியாகக் காட்டியது. 2021 ஆகஸ்டில் அபிஜானில் கூடிய உலக அஞ்சல் ஒன்றியம் பி.ஐ.ஓ.டி. தபால்தலைகளை இனி ஏற்பதில்லை என்று வாக்களித்தது. நான்கு எழுத்து அச்சுக்குத்திய தபால்தலையில் ஆரம்பித்த பெயருக்கு முதல் பெரிய அடி தபால்காரரிடமிருந்தே வந்தது. அதே வருஷம் இங்கே குற்றவியல் சட்டத்தைத் திருத்தினார்கள்: வெளிநாட்டு அரசின் சார்பில் மொரீஷியஸ் மண்ணை வேறு நாட்டுடையது என்று காட்டும் வரைபடம், நாணயம், தபால்தலை வெளியிட்டால் 10 வருஷம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். ரொம்ப அதிகம் என்று எனக்குப் பட்டது, இன்றும் படுகிறது. ஒரு நாடு தன் நியாயத்தை நீதிமன்றத்தில் ஜெயித்த பிறகு சிறைக் கம்பியைக் காட்ட வேண்டிய அவசியம் என்ன? 2022 பிப்ரவரியில் மொரீஷியஸ் அனுப்பிய கப்பல் பெரோஸ் பான்யோஸில் போய்க் கொடியேற்றியது, கூடப் போன சாகோசியர்கள் சொந்த மண்ணில் முதல்முறையாக யார் காவலும் இல்லாமல் நடந்தார்கள்.

காகிதத்தில் எது எங்கே இருக்கிறது என்பதற்காக இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு 1998-ஐ ஞாபகப்படுத்த வேண்டும். புது ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று நம் சமூகம் கொதித்தெழுந்து, நோட்டையே திரும்பப் பெற்று அடுத்த வருஷம் பழைய வரிசையில் அச்சடிக்க வைத்தது. அன்று ஒரு வரி மேலா கீழா என்பதற்குத் தெருவுக்கு வந்தவர்கள்தான் நாம்.

பெயர் ஒன்றாக இருந்தால் தகராறு இருக்காது என்றும் நினைத்துவிடக் கூடாது. ட்ரோமலினைப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் மணல்மேடு. மொரீஷியஸும் ட்ரோமலின் என்கிறது, பிரான்ஸும் ட்ரோமலின் என்கிறது, இரண்டு பேரும் எங்களுடையது என்கிறார்கள். 1761-இல் அங்கே கப்பல் மோதிக் கைவிடப்பட்ட மலகாசி அடிமைகளில் 15 வருஷம் கழித்து ஏழு பெண்களையும் ஒரு கைக்குழந்தையையும் மீட்ட கப்பல் தலைவரின் பெயர் அது. 2010-இல் சேர்ந்து நிர்வகிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள், பிரெஞ்சு நாடாளுமன்றம் இன்றுவரை ஒப்புதல் தரவில்லை. கச்சத்தீவுக்கும் இரண்டு கரையிலும் ஒரே பெயர்தானே. மாறாக, ரியூனியனின் சேன் பியேரிலிருந்து பிரான்ஸ் நிர்வகிக்கும், மடகாஸ்கரைச் சுற்றிக் கிடக்கும் "சிதறிய தீவுகளை" மடகாஸ்கர்க்காரர்கள் நோசி மலகாசி, மலகாசித் தீவுகள் என்கிறார்கள். 1960-இல் மடகாஸ்கர் விடுதலைக்கு மூன்று மாதம்கூட இல்லாதபோது பிரான்ஸ் அவற்றைத் தனியாகப் பிரித்துப் புதுத் தலைப்பின் கீழ் கொண்டுபோனது. சாகோஸுக்கு ஐந்து வருஷம் முந்தைய ஒத்திகை என்றே சொல்லலாம்.

சாகோஸுக்குத் திரும்புவோம். 2025 மே 22. பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. எங்கள் பக்கம் கையெழுத்துப் போட்டவர் நவீன் ராம்கூலம், 1965-இல் லான்காஸ்டர் மாளிகையில் உட்கார்ந்திருந்தவரின் மகன். ஒப்பந்தத்தின் தலைப்பைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது: "டியாகோ கார்சியா உட்பட சாகோஸ் தீவுக்கூட்டம் தொடர்பாக". அந்த ஒட்டு, எங்கள் ஒட்டு, பிரிட்டிஷ் அரசின் காகிதத்தில். முதல் பிரிவிலும் மறுபடி வருகிறது, சாகோஸ் முழுவதும், டியாகோ கார்சியா உட்பட, மொரீஷியஸுக்கே இறைமை என்று. ஒட்டு ஏன் தேவைப்பட்டது என்பதும் இங்கேதான் முழுசாகப் புரிகிறது. மற்றத் தீவுகளை எல்லாம் கொடுத்துவிட்டு டியாகோவை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்ற பேரத்துக்கு என்றைக்கும் வாய்ப்பு இருந்தது. இந்த ஒப்பந்தத்திலும் டியாகோவை 99 வருஷக் குத்தகைக்கு, ஆண்டுக்குச் சராசரி 10 கோடியே 10 லட்சம் பவுண்டுக்கு, பிரிட்டன் திருப்பி எடுத்துக்கொள்கிறது. பெயர் எங்களுடையது, சாவி அவர்களுடையது.

சாகோசியர்களுக்கு 4 கோடி பவுண்டு அறக்கட்டளை நிதி, டியாகோ தவிர மற்றத் தீவுகளில் குடியேற்றம் என்று எழுதியிருக்கிறது. ஆனால் பேச்சுவார்த்தை மேஜையில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. கையெழுத்தான அன்று காலையிலேயே டியாகோவில் பிறந்த இரண்டு பெண்கள் லண்டன் நீதிமன்றத்தில் தடை வாங்கி, சில மணி நேரத்தில் அது விலகி, அப்புறம்தான் கையெழுத்து நடந்தது. லண்டனுக்குத் தெற்கே கிராலியில் குடியேறிய சாகோசியர்களில் பலர் மொரீஷியஸ் என்ற தலைப்பையும் ஏற்பதில்லை, உங்களிடமும் நாங்கள் பட்டோம் என்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல எங்களிடம் அதிகம் ஒன்றுமில்லை.

ஒப்பந்தம் நடைமுறைக்கு வர இரண்டு நாடுகளின் ஒப்புதல் வேலையும் முடிய வேண்டும். அது முடிந்து பி.ஐ.ஓ.டி. என்ற ஆட்சிப்பகுதி கலைந்தால் ஒரு வேடிக்கையான பிரச்சினை காத்திருக்கிறது. சர்வதேச நாட்டுக் குறியீட்டுப் பட்டியலில் அதற்கு ஐ.ஓ. என்ற இரண்டு எழுத்து, 1997-லிருந்து அதுவே இணைய முகவரியின் கடைசி எழுத்துகளாகவும் இருக்கிறது. கணினிக்காரர்கள் கண்ணுக்கு அது உள்ளீடு, வெளியீடு என்று படுவதால் உலகம் முழுக்கப் புதுத் தொழில் தொடங்குகிறவர்கள் அதில்தான் கடை போட்டிருக்கிறார்கள். பட்டியலிலிருந்து குறியீடு நீங்கினால் இணைய முகவரியையும் படிப்படியாக மூட வேண்டும் என்பது விதி, அதற்கு ஐந்து வருஷ அவகாசம். சாகோஸ் எங்கே இருக்கிறது என்றே கேள்விப்படாத பெங்களூர்ப் பையன்கள் அன்றைக்கு வரைபடத்தைத் தேடுவார்கள்.